வியூக விளையாட்டுகளில் பாண்டியர் மீன்கொடி

கணினியில் ஆடப்படும் வியூக விளையாட்டுகளில் ஒவ்வோர் அரசுக்கும் அடையாளமாக ஒரு சிறிய கொடி உண்டு. ஆட்டத்தை வெளியிட்ட நிறுவனம் தந்த அரசுகள் போதாமல், தம் ஊர் வரலாற்றை ஓர் ஆட்டக்களமாக (சினாரியோ) அமைக்க விரும்பும் ஆர்வலர்கள் அதற்குரிய கொடிகளைத் தாமே வரைந்து சேர்க்கின்றனர். தமிழக வரலாற்றை எடுத்துக்கொள்பவர்கள் முதலில் கைவைக்கும் கொடிகளுள் ஒன்று பாண்டியரின் மீன்கொடி. அப்படி ஒரு கொடி இருந்தது என்பதில் ஐயமில்லை. அது எந்த நிறத்தில், எத்தனை மீனோடு, எந்த வடிவில் பறந்தது என்று கேட்கும்போதுதான் வரைபவரின் பாடு தொடங்குகிறது.

கொடிப்படம் என்ற சொல் தமிழில் ஏற்கெனவே வழக்கில் உள்ளது. கோயில் திருவிழாவின் முதல் நாளில் கொடிமரத்தில் ஏற்றப்படும், நந்தியோ கருடனோ எழுதப்பட்ட துணியைக் கொடிப்படம் என்பர். கணினிக்காக வரையப்படும் கொடிக்கும் இக்கட்டுரையில் அச்சொல்லே ஆளப்படுகிறது.

ஆத்தூர்க் கரை

ஆத்தூர், தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் சாலையில், தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்துக்கு அருகில் உள்ள ஊர். சோமநாதர் கோயிலும் வெற்றிலைக் கொடிக்காலும் இவ்வூரின் அடையாளங்கள். ஆத்தூர் வெற்றிலை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் தொலைவுக்குள் கொற்கை, பழையகாயல், புன்னைக்காயல் என்று மூன்று பழந்துறைகள் உள்ளன. ஆறு கொண்டுவந்த வண்டலால் கரை முன்னேற, கொற்கைத் துறை கடலை இழந்து உள்நாட்டு ஊராயிற்று. அடுத்து காயல் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிட்ட துறைமுகம் இந்தக் காயலே என்பதை எடுத்துக்காட்டியவர், திருநெல்வேலி வரலாற்றை 1881இல் நூலாக வெளியிட்ட கால்டுவெல். போர்த்துக்கீசியர் காலத்தில் புன்னைக்காயலும், பின்னர் தூத்துக்குடியும் தலைமை பெற்றன.

முத்துக் குளிக்கும் பார்கள் கடலுக்குள் இருந்ததால் இந்தக் கரையை ஆள நினைத்தவர்கள் பலர். ஆகவே ஆட்டக்களம் அமைப்பவருக்கு இது வளமான நிலம். பாண்டியர், சோழர், மதுரை சுல்தான்கள், விசயநகரத்தார், வேணாட்டார், நாயக்கர், போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒரே கரையில் மாறி மாறி வந்த அரசுகளுக்கெல்லாம் கொடி வேண்டும்.

மாணவர்கள் வழக்கமாகத் தடுமாறும் ஒன்றை இங்கேயே சொல்லிவிடலாம். 'கயல்' என்பது மீன். 'காயல்' என்பது கடலோரத்துக் கழி அல்லது உப்பங்கழி. காயல்பட்டினம், புன்னைக்காயல் ஆகிய பெயர்களில் இருப்பது கழி, மீன் இல்லை. பாண்டியரின் கயற்கொடியிலிருந்து காயல் என்ற ஊர்ப்பெயர் வந்ததாகக் கருதிக்கொண்டு, காயல் துறைக்குத் தனியே ஒரு மீன்கொடி வரைவது ஒலி ஒற்றுமையால் வரும் பிழை.

திரையில் கொடியின் வேலை

வியூக விளையாட்டின் வரைபடத்தில் ஒரு கோட்டையோ கப்பலோ படையோ யாருடையது என்பதை ஆடுபவர் கொடியைப் பார்த்தே அறிகிறார். 2013இல் வெளிவந்த 'யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4' ஆட்டம் 1444 நவம்பர் 11ஆம் நாளில் தொடங்குகிறது. அதில் ஒவ்வொரு நாட்டுக்கும் மூன்றெழுத்துக் குறியீடு உண்டு. அந்தக் குறியீட்டையே பெயராகக் கொண்ட, 128க்கு 128 படப்புள்ளி அளவுள்ள சதுரமான டிஜிஏ கோப்பைக் கொடிகளுக்குரிய கோப்புறையில் இட்டால் ஆட்டம் அதை எடுத்துக்கொள்ளும். 'க்ரூசேடர் கிங்ஸ் 3' வேறு வழியில் செல்கிறது. பின்னணி, நிறங்கள், சின்னம், அதன் இடம், அளவு, சாய்வு ஆகியவற்றை எழுத்துக் கட்டளையாகக் கொடுத்தால் ஆட்டமே சின்னத்தைக் கோத்துக் காட்டும். 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' ஒரே கொடியை மூன்று அளவுகளில் கேட்கிறது: 82க்கு 52, 41க்கு 26, 10க்கு 7.

தென்னிந்தியா இந்த ஆட்டங்களுக்குள் வந்தது அண்மையில்தான். 'க்ரூசேடர் கிங்ஸ் 2' ஆட்டத்தின் வரைபடம் 2014 மார்ச்சில் வந்த 'ராஜாஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தோடு இந்தியாவுக்கு நீண்டது. 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' 2022 ஏப்ரலில் திராவிடர் என்ற பிரிவையும் இராசேந்திர சோழனின் படையெடுப்புத் தொடரையும் சேர்த்தது. 2025இல் வந்த 'சிவிலைசேஷன் 7' சோழரை ஒரு நாகரிகமாகத் தந்தது. இந்தப் பட்டியலில் பாண்டியர் பின்தங்கியே இருப்பதால், அவர்களை வரையும் வேலை பெரும்பாலும் ஆர்வலர் கைக்கு வருகிறது.

வரலாற்று நூல் எழுதுபவர் 'கொடியின் நிறம் தெரியவில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குப் போகலாம். கொடி வரைபவருக்கு அந்த வசதி இல்லை. 128க்கு 128 என்றால் 16,384 புள்ளிகள். அத்தனைக்கும் ஒரு நிறம் கொடுத்தாக வேண்டும்.

இது புதிய இக்கட்டு அன்று. 1375ஆம் ஆண்டளவில் மயோர்க்காத் தீவில் வரையப்பட்டு, ஆபிரகாம் கிரெஸ்கெஸ் பெயரோடு அறியப்படும் கற்றலான் உலகப்படத்தில் இந்திய நகரங்களின் மேலும் கொடிகள் பறக்கின்றன. வரைந்தவர் வணிகர் சொன்னதையும் பழைய ஏடுகளையும் கொண்டு, மேலை நாட்டு நகரங்களுக்கு வைத்ததுபோலவே கீழை நாட்டு நகரங்களுக்கும் ஒரு கொடியை நட்டார். தில்லி சுல்தானகத்தின் கொடி என்று இன்று இணையத்தில் உலவும் படம் அந்த உலகப்படத்திலிருந்து எடுக்கப்பட்டதே. வரைபடத்தில் இடம் காலியாக இருக்கக் கூடாது என்ற கட்டாயத்தில் பிறந்த கொடி அறுநூறு ஆண்டு கழித்துச் சான்றாக நிற்கிறது.

துணி போனது, காசு நின்றது

பாண்டியர் காலத்துக் கொடித்துணி எதுவும் இன்று இல்லை. கடற்காற்றிலும் ஈரத்திலும் பருத்தி எத்தனை நாள் தாங்கும்? ஆனால் கொடிகள் ஏராளமாகப் பறந்தன என்பதற்கு இலக்கியச் சான்று உண்டு. பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்தின் கொடிகளை வகை வகையாகச் சொல்கிறது: தெய்வத்துக்குரிய கொடி, வாது செய்ய அழைக்கும் அறிஞர் கொடி, கப்பலின் பாய்மரக் கொடி, கள் விற்கும் இடத்துக் கொடி. மதுரைக்காஞ்சியும் மதுரையின் விழாக் கொடி, வெற்றிக் கொடி, கள்ளுக் கொடி ஆகியவற்றைக் காட்டுகிறது. கொடி என்றால் அரசுக்கு ஒன்று என்பது நம் கால எண்ணம். அன்று தெருவுக்குத் தெரு கொடி இருந்தது.

வேந்தர்க்குரிய சின்னத்தைப் 'பொறி' என்றனர். சேரருக்கு வில், சோழருக்குப் புலி, பாண்டியருக்குக் கயல். இமயத்தில் இந்த மூன்று பொறிகளையும் பொறித்த செய்தியைச் சிலப்பதிகாரம் சொல்லும். கவனிக்க வேண்டியது, கொடியில் இருந்த சின்னமே முத்திரையிலும் காசிலும் இருந்தது என்பது. ஐரோப்பியப் பிரபுக்களின் கேடயச் சின்ன மரபில் கட்டம், கோடு, நிறச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் விதி உண்டு. தமிழ் மரபில் சின்னமே போதும். ஆகவே கொடித்துணி கிடைக்காவிட்டாலும் காசையும் செப்பேட்டு முத்திரையையும் பார்த்துக் கொடியின் நடுவில் இருந்ததை வரையலாம். அப்படிச் செய்வது ஊகம்தான் என்றாலும் காரணமுள்ள ஊகம்.

ஆத்தூர்க் கரையில் இருப்பவருக்கு இதில் ஒரு கூடுதல் நெருக்கம் உண்டு. கொற்கையை ஒட்டி அக்கசாலை என்ற இடம் இருக்கிறது. அக்கசாலை என்றால் காசு அடிக்கும் இடம். அங்குள்ள சிவன் கோயிலுக்கும் அப்பெயரே. கொற்கையில் பாண்டியரின் காசுச்சாலை இருந்ததற்கு இந்தப் பெயரைக் கால்டுவெல் அடையாளமாகக் கொண்டார். மீன்கொடிக்கு மாதிரி தேடுபவர் இணையத்தில் உலவும் சுவரொட்டி மீனைப் பார்ப்பதைவிட, ஆத்தூருக்குப் பக்கத்திலேயே அடிக்கப்பட்டிருக்கக்கூடிய காசுகளின் மீனைப் பார்ப்பது நல்லது.

ஒரு மீனா, இரண்டு மீனா

பொதுவாக எல்லோரும் வரைவது இரட்டை மீன். எந்த நூற்றாண்டுக் களமானாலும் அதே இரட்டை மீனை வைத்துவிடுகின்றனர். காசுகளைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் அது சரியில்லை என்று தெரியும்.

சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசுகளில் ஒரு பக்கம் யானை அல்லது குதிரை, சில மங்கலச் சின்னங்கள், மறுபக்கம் மீன். அந்த மீனுக்குச் செதிலோ கண்ணோ கிடையாது. சில கோடுகளால் ஆன கோட்டுருவம் அது. முதல் முறை பார்ப்பவர் அதை மீன் என்று சொல்லமாட்டார். நாணயவியலாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிட்ட, தமிழ் எழுத்தில் 'பெருவழுதி' என்ற பெயர் பொறித்த காசின் பின்புறமும் இத்தகைய மீன் கோட்டுருவமே உள்ளது.

சோழப் பேரரசுக் காலத்தில் பாண்டியரின் சின்னம் இரண்டு மீன்களாக நிலைபெற்றுவிட்டது. இதற்குச் சான்று தருவது பகைவரின் முத்திரை. இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேட்டு முத்திரையில் வெண்கொற்றக் குடையின்கீழ் புலியும், அதன் பக்கத்தில் இரண்டு மீன்களும், வில்லும் இருக்கின்றன. தோற்ற வேந்தரின் பொறிகளை வென்றவர் தம் முத்திரைக்குள் அடைத்துக்கொண்டார். சோழர் காசுகள் சிலவற்றிலும் இதே அமைப்பு உண்டு.

ஆட்டக்களம் அமைப்பவருக்கு இந்த முத்திரை ஒரு வாய்ப்பைத் தருகிறது. பாண்டிய நாட்டை வென்ற இராசேந்திரன் தன் மகனை மதுரையில் சோழ பாண்டியன் என்ற பட்டத்தோடு அமர்த்தினான். அந்தக் காலத்து ஆத்தூர்க் கரைக்குத் தனிக் கொடி வேண்டுமானால், புலிக்குப் பக்கத்தில் இரு மீன்கள் நிற்கும் கொடியை வரைவதற்கு மேலே சொன்ன முத்திரையே துணை. வெறும் புலிக்கொடியையோ வெறும் மீன்கொடியையோ அங்கு நடுவதைவிட இது அரசியல் நிலையைத் துல்லியமாகச் சொல்லும்.

13ஆம் நூற்றாண்டில் பாண்டியர் மீண்டும் எழுந்தபோது காசுகளில் இரு மீன்கள் நிமிர்ந்து நிற்க, நடுவில் வளைந்த தலையுடைய ஒரு கோல் காணப்படுகிறது. அது செண்டு. மேருவைப் பாண்டியன் செண்டால் அடித்த கதையைத் திருவிளையாடற் புராணம் சொல்லும். 'சோணாடு கொண்டான்', 'எல்லாந்தலையானான்' என்ற பட்டங்கள் பொறித்த காசுகளும் இக்காலத்துப் பாண்டியருடையவை. இந்த இரட்டை மீன் கடலும் கடந்தது. திருகோணமலைப் பிரெடரிக் கோட்டை வாயிலில் இணைக்கயல் சின்னம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. பாண்டியர் ஈழத்தின்மீது படையெடுத்ததன் நினைவாக அதைக் கருதுவர்.

ஆக, நெடுஞ்செழியன் காலத்துக் களம் என்றால் கோட்டுருவ ஒற்றை மீன். மாறவர்மன் குலசேகரன் ஆண்ட, மார்க்கோ போலோ வந்த காலம் என்றால் செண்டோடு இணைமீன். 1444இல் தொடங்கும் ஆட்டத்தில் மற்றொரு நுட்பம் உண்டு. அந்த ஆண்டில் பாண்டியர் மதுரையில் இல்லை. அரிகேசரி பராக்கிரம பாண்டியன் தென்காசியிலிருந்து ஆண்டுகொண்டிருந்தான். காசி விசுவநாதர் கோயிலை அவன் எழுப்பத் தொடங்கியது 1446இல். மதுரைமேல் மீன்கொடியை நட்டு ஆட்டத்தைத் தொடங்குபவர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பின்தங்கி நிற்கிறார்.

எழுபது புள்ளிகள்

10க்கு 7 என்ற அளவுக்குள் கொடி வரைவது எப்படி? மொத்தம் எழுபது புள்ளிகள். வாசலில் புள்ளி வைத்துக் கோலம் போடுபவர்களுக்கு இது புதிதன்று. எழுபது புள்ளிக்குள் எது வரும், எது வராது என்பதை அவர்கள் கண்ணாலேயே அளந்துவிடுவர். பத்தமடைப் பாயில் பெயரை நெய்பவர்களுக்கும் இதே கணக்குத் தெரியும். வளைவு கிடையாது, படி படியாகத்தான் வளைக்க முடியும்.

செதில், துடுப்பு, கண், வாய் எல்லாம் வரைந்த அழகான மீனைப் பெரிய அளவில் உருவாக்கி, பின் கணினியே சுருக்கிக்கொள்ளட்டும் என்று விட்டால், சிறிய அளவில் இரண்டு சாம்பல் நிறக் கறைகள்தாம் எஞ்சும். ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக வரைய வேண்டும். பெரிய அளவில் இரு மீனும் செண்டும் வைக்கலாம். நடு அளவில் செண்டை ஒற்றைக் கோடாக்கலாம். மிகச் சிறிய அளவில் செண்டை விட்டுவிட்டு, நான்கைந்து புள்ளி உயரத்தில் இரண்டு நிமிர்ந்த வடிவங்களை மட்டும் வைத்து, வால் தெரிய அடியில் ஒரு புள்ளியைப் பக்கவாட்டில் தள்ளினால் மீன் என்று புரியும். இன்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் கோட்டுருவத்தை வரைந்து, கிம்ப் மென்பொருளில் ஒவ்வொரு புள்ளியாகத் திருத்தி, சுருக்கப்படாத டிஜிஏ கோப்பாகச் சேமிப்பது வழக்கமான முறை. சுருக்கிய கோப்பை வைத்துவிட்டுக் கொடி ஏன் வரவில்லை என்று மணிக்கணக்கில் தேடியவர்கள் பலர்.

பெருவழுதி காலத்து அச்சுவெட்டி இந்தச் சிக்கலை முன்பே தீர்த்துவிட்டான் என்பதைக் காசைப் பார்த்தவர்கள் உணர்வர். விரல்நுனி அளவுள்ள செப்புத் தகட்டில் செதில் வெட்டிப் பயனில்லை என்று அவனுக்குத் தெரியும். சில கோடுகளோடு நிறுத்திக்கொண்டான். சிறிய கொடிக்கு அந்த மீனே பொருந்துகிறது. இங்கே வரலாற்றுக்கு உண்மையாக இருப்பதும் திரையில் தெளிவாகத் தெரிவதும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன. இப்படி அமைவது அரிது.

நிறம்

சின்னத்துக்குச் சான்று உண்டு, நிறத்துக்கு இல்லை. காசும் முத்திரையும் கல்லும் நிறம் சொல்லா. இணையத்தில் மஞ்சளிலும் சிவப்பிலும் பச்சையிலும் நீலத்திலும் பாண்டியர் கொடிகள் கிடைக்கின்றன. வேந்தரின் மாலை வேப்பம்பூ என்பதால் பச்சையையும் மஞ்சளையும் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. கடல் என்பதால் நீலம் என்பவர்களும் உண்டு. முன்னது அழகான கருத்து, பின்னது எளிய கருத்து. இரண்டும் வரைபவரின் விருப்பமே.

விருப்பத்துக்குள்ளும் ஓர் எல்லை வகுத்துக்கொள்ளலாம். அக்காலச் சாயக்காரரிடம் இருந்த நிறங்களைத் தாண்டாமல் இருப்பது அந்த எல்லை. அவுரியிலிருந்து நீலம், மஞ்சளிலிருந்து மஞ்சள், சாயவேரிலிருந்து சிவப்பு. சாயவேர் இராமேசுவரம், மன்னார், யாழ்ப்பாணம் ஆகிய கரையோர மணற்பாங்கான நிலங்களில் தோண்டி எடுக்கப்பட்டது. முத்தைப்போலவே இக்கடலின் இருபுறத்துச் செல்வம் அது. திரையில் மட்டுமே தோன்றக்கூடிய கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஊதாவும் இந்தச் சாயங்களில் வரா. சாயமிடாத வெள்ளைத் துணியில் சிவப்பு மீன் என்றோ, சாயவேர்ச் சிவப்பில் வெள்ளை மீன் என்றோ வைத்தால் குறைந்தபட்சம் அப்படி ஒரு துணி இருந்திருக்க முடியும்.

இக்கரையில் இன்றும் கொடி உயிரோடிருக்கும் இடங்கள் அரண்மனைகள் அல்ல. திருச்செந்தூரில் முருகனின் சேவற்கொடி. தூத்துக்குடி பனிமய மாதா ஆலயத்தில் சூலை 26ஆம் நாள் கொடியேறி ஆகஸ்ட் 5ஆம் நாள் திருவிழா நிறைவுறும். தர்கா கந்தூரிகளும் கொடியேற்றத்தோடு தொடங்குகின்றன. அரசர் கொடிக்கு நிறம் தேடுபவர் இந்தக் கொடிகளின் நீளத்தையும், காற்றில் விழும் முறையையும், சின்னத்தைத் துணியில் எங்கே எழுதுகிறார்கள் என்பதையும் பார்த்துவைப்பது வீணாகாது.

பாண்டியருக்குப் பின்

மற்ற அரசுகளின் கொடிகளில் சிக்கல் வேறு வகைப்பட்டது. மதுரை சுல்தான்களின் காசுகளில் எழுத்து மட்டுமே உண்டு, உருவம் கிடையாது. அவர்களுக்கு எழுத்தாலான சின்னமே பொருந்தும். விசயநகரத்தாருக்கு வராகமும் வாளும் சூரிய சந்திரரும் எனச் சின்னம் தெளிவாக உள்ளது. சேதுபதிகள் தம் செப்பேடுகளில் அனுமகேதனன், கருடகேதனன் என்று தம்மைச் சொல்லிக்கொண்டனர். கேதனம் என்றால் கொடி. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்திகளின் காசில் படுத்திருக்கும் நந்தியும் 'சேது' என்ற சொல்லும் உள்ளன.

ஐரோப்பியர் கொடிகளுக்கு நிறம் தெரியும். அங்கு வரும் பிழைகள் ஆண்டைப் பற்றியவை. முத்துக்குளித்துறைப் பரதவர் 1530களில் போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய காலத்தையோ, 1538இல் வேதாளையில் போர்த்துக்கீசியர் கோழிக்கோட்டுச் சாமூதிரியின் கப்பற்படையோடு மோதியதையோ களமாக்குபவர்கள் சிலர் போர்த்துக்கல்லின் இன்றைய பச்சை சிவப்புக் கொடியை வைத்துவிடுகின்றனர். அது 1910 புரட்சிக்குப் பின் வந்த குடியரசின் கொடி. மூன்றாம் சுவான் மன்னன் காலத்துக்கு வெள்ளைத் துணியில் முடியோடு கூடிய அரசச் சின்னமே உரியது.

1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தனர். அவர்களுடைய கிழக்கிந்தியக் கம்பெனியின் கொடி மூவண்ணக் கொடி. நடுவில் வி, ஓ, சி என்ற மூன்று இலத்தீன் எழுத்துகளைப் பிணைத்த முத்திரை இருக்கும். மேல்பட்டை முதலில் ஆரஞ்சு நிறத்தில் இருந்து, 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சிவப்புக்கு மாறியது. தூத்துக்குடியைப் பிடித்த ஆண்டு அந்த மாற்றத்தை ஒட்டியே வருவதால், வரைபவர் எந்த நிறத்தை எடுத்தாலும் குறை சொல்ல முடியாது. இதில் ஒரு வேடிக்கை: 2011இல் வ.உ. சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்ட தூத்துக்குடித் துறைமுகத்தையும் ஆங்கிலத்தில் அதே மூன்று எழுத்துகளால்தான் குறிக்கின்றனர். டச்சுக் கொடியைப் பார்த்து வ.உ.சி.யின் கப்பல் கொடி என்று நினைத்துக்கொள்ள மாணவருக்கு எல்லாக் காரணமும் உண்டு.

வ.உ.சி.யின் சுதேசி நாவாய்ச் சங்கம் 1906 அக்டோபரில் பதிவானது. காலியா, லாவோ என்ற கப்பல்கள் 1907இல் வந்தன. அந்தக் களத்தில் அசோகச் சக்கரம் பொறித்த மூவண்ணக் கொடியை ஏற்றுபவர்களின் உணர்ச்சி புரிகிறது. ஆனால் அக்கொடி ஏற்கப்பட்டது 1947 சூலை 22இல்.

ஆங்கிலக் கம்பெனியின் கொடியில் சிவப்பு வெள்ளைப் பட்டைகளும் மூலையில் பிரித்தானியச் சின்னமும் இருக்கும். அந்த மூலைச் சின்னம் 1707இலும் 1801 சனவரி முதல் நாளிலும் மாறியது. ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பியது 1801 பிப்ரவரியில். பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தது மே 24இல். இலண்டனிலிருந்து கப்பல் வந்து சேர ஐந்தாறு மாதம் பிடித்த காலம் அது. சட்டப்படி அந்த ஆண்டுக்குப் புதிய கொடி. பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றி நின்ற கம்பெனிப் படையிடம் இருந்தது பழைய துணியாகவே இருந்திருக்கும். 1801 களத்துக்குப் பழைய கொடியை வைப்பவரே நுணுக்கமானவர்.

விளையாட்டுக்கு வெளியே

இத்தனை நுணுக்கம் ஒரு விளையாட்டுக்குத் தேவையா என்று கேட்கலாம். படம் விளையாட்டுக்குள் நின்றுவிட்டால் தேவையில்லை. அது நிற்பதில்லை. ஆர்வலர் ஒருவர் தம் களத்துக்காக வரைந்த கொடியை, மற்றவர்க்கும் பயன்படட்டும் என்று பொதுப் படக்களஞ்சியத்தில் ஏற்றுகிறார். அங்கிருந்து கலைக்களஞ்சியக் கட்டுரையின் தகவல் பெட்டிக்குள் போகிறது. அங்கிருந்து பள்ளிக் கண்காட்சி அட்டைக்கும், போட்டித் தேர்வுக் கையேட்டுக்கும், ஊர்வலப் பதாகைக்கும் போகிறது. கடைசியில் 'பாண்டியர் கொடியின் நிறம் என்ன?' என்று வினாடி வினாவில் கேள்வியாகி, அதற்கு ஒரே ஒரு சரியான விடையும் வந்துவிடுகிறது. சான்று எது என்று கேட்டால், அந்தப் படமே சான்று.

தமிழகத்தில் இது வெறும் அறிவுப் பிழையோடு முடிவதில்லை. மூவேந்தர் மரபை உரிமை கொண்டாடும் சமூகங்கள் பல. கயலையும் புலியையும் வில்லையும் தம் கொடிகளில் வைத்திருக்கும் அமைப்புகள் பல. ஒரு நிறம் 'பாண்டியர் நிறம்' என்று நிலைபெற்றுவிட்டால், ஏற்கெனவே அந்த நிறத்தைக் கொண்டிருப்பவருக்கு அது பட்டாவாகிவிடும், மற்றவருக்கு அது வழக்காகிவிடும். இருபது நிமிடத்தில் ஒருவர் தேர்ந்தெடுத்த பின்னணி நிறத்துக்கு இவ்வளவு எடை ஏற வேண்டியதில்லை.

இதைத் தவிர்க்கும் வழி மிக எளியது. பலரும் செய்யாமல் விடுவதும் அதுவே. விக்கிமீடியா பொதுவகத்தில் கற்பனைக் கொடிகளுக்கென்று தனி எச்சரிக்கை வார்ப்புருவே உள்ளது. படத்தை ஏற்றும்போது விளக்கக் குறிப்பில் மூன்று வரி எழுதினால் போதும்: சின்னம் எந்தக் காசிலிருந்து அல்லது முத்திரையிலிருந்து எடுக்கப்பட்டது, எந்த நூற்றாண்டுக்கு உரியது, நிறம் யாருடைய தேர்வு. ஆட்டக்களத்தோடு வரும் குறிப்புக் கோப்பிலும் இதையே எழுதலாம். கோப்பின் பெயரிலேயே காலத்தைச் சேர்ப்பவர்களும் உண்டு. 'பாண்டியர் கொடி' என்று பெயரிடாமல், 'பாண்டியர் இணைக்கயல், 13ஆம் நூ., நிறம் கற்பனை' என்று பெயரிட்டுவிட்டால், அந்தப் படம் எத்தனை கை மாறினாலும் அந்தச் சொற்களும் கூடவே போகும். வேண்டுமென்றே ஒருவர் அழித்தால் ஒழிய.